எட்டடி, மூன்றடி: தில்லி ஓடுதளத்தில் தடை ஓட்டம்

2010 அக்டோபரில் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தை ஆஸ்திரேலியாவின் சாலி பியர்சன் 12.67 விநாடியில் ஜெயித்தார். கனடாவின் ஏஞ்சலா வைட் 12.98 விநாடியில் வெள்ளி, நியூசிலாந்தின் ஆண்ட்ரியா மில்லர் 13.25 விநாடியில் வெண்கலம். லோதி காலனி, கரோல்பாக், ஆர்.கே.புரம் பக்கம் இருக்கும் நம் தமிழர்களிடம் அந்தப் போட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இடிந்து விழுந்த நடைமேம்பாலத்தைச் சொல்வார்கள். ரோட்டில் போட்டிக்காரர்களுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய பாதையைச் சொல்வார்கள். ஓட்டம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்தியப் பெண் யாரும் பதக்கம் வாங்காத ஓட்டம், வேறென்ன.

அந்த முடிவுப் பட்டியலில் பார்க்க வேண்டியது முதல் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் 0.31 விநாடி. தூரமாகச் சொன்னால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். டிவியில் பார்க்கிறவருக்கு பியர்சன் வேகமாக ஓடினார், ஜெயித்தார் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மை. 0.31ஐப் பத்துத் தடைகளுக்கும் பிரித்துப் போட்டால் ஒரு தடைக்கு 0.03 விநாடி வருகிறது. தடை ஓட்டத்தில் யாரும் ஒரே இடத்தில் இரண்டரை மீட்டர் முந்துவதில்லை. தடைக்குத் தடை ஒரு சாண் அளவு சேர்த்துக்கொண்டே போகிறார்கள், கடைசியில் அது கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியாகிவிடுகிறது. அந்தச் சாண் எங்கே கிடைக்கிறது, எங்கே பறிபோகிறது என்று தெரிந்தால் தில்லியில் நடந்ததும் புரியும், பி.டி. உஷாவின் பழைய கதையும் வேறு மாதிரி தெரியும்.

முதலில் அளவுகள். பெண்களுக்கான 100 மீட்டரில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 83.8 சென்டிமீட்டர் உயரம். கிளம்பும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13 மீட்டர். அப்புறம் ஒவ்வொரு தடைக்கும் நடுவே 8.5 மீட்டர். பத்தாவதைத் தாண்டியபின் முடிவுக்கோட்டுக்கு 10.5 மீட்டர். முதல் தடைக்குப் பெரும்பாலானவர்கள் எட்டடி வைக்கிறார்கள், ஒருசிலர் ஏழு. தடைக்கும் தடைக்கும் நடுவில் எல்லோருக்கும் மூன்றே அடி. இரண்டு வைத்தால் எட்டாது, நான்கு வைத்தால் கால் மாறிப்போகும், வேகமும் செத்துவிடும்.

இந்த மூன்றுதான் விளையாட்டின் உயிர். சாதாரண 100 மீட்டரில் வேகம் கூடக் கூட எட்டிப் போடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே அது முடியாது. தடைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னால் எழும்பி, தாண்டி ஒரு மீட்டர் தள்ளி இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், தரையில் ஓட மிஞ்சுவது ஐந்தரை மீட்டர். அதற்குள் மூன்றடி. உயரமான பெண் அடியைக் குறுக்க வேண்டும், குள்ளமான பெண் நீட்ட வேண்டும். அடியின் நீளம் எல்லோருக்கும் முன்கூட்டியே விதிக்கப்பட்டுவிட்டதால், ஒருவர் இன்னொருவரை முந்துவதற்கு மிச்சமிருப்பது அடி விழும் வேகம் மட்டும். அதோடு இன்னொன்று: காற்றில் இருக்கும்போது யாரும் வேகம் எடுக்க முடியாது, இழக்கத்தான் முடியும். அதனால் நல்ல ஓட்டக்காரர் உயரத் தாண்டுவதே இல்லை. பட்டும் படாமலும் மேலே போய், எவ்வளவு சீக்கிரம் காலைத் தரையில் வைக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வைக்கிறார். உலகத் தரத்தில் ஒரு தடையிலிருந்து அடுத்த தடைக்கு ஒரு விநாடிதான் ஆகிறது.

என் அக்கா மகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றில் படிக்கிறாள், ஸ்கூல் அளவில் ஹர்டில்ஸ் ஓடுகிறாள். குளிர்காலத்தில் பனிமூட்டத்தோடு பயிற்சி. ஓடுதளத்தில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும், பெண்களின் 100 மீட்டர் தடைகளை நிறுத்த வேண்டிய இடங்கள் அவை. 400 மீட்டர் தடைகளுக்குப் பச்சை. அந்த மஞ்சள் குறிகளில் வைக்காமல், தடைகளை ஒன்றுக்கொன்று கிட்டே தள்ளித்தான் கோச் இவர்களுக்கு வைக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு 8.5 மீட்டர் எட்டாது. தாளத்தை முதலில் பழக்கிவிட்டுத் தூரத்தை அப்புறம் கூட்டுகிறார்கள். அவளுடைய பின்னங்கால் முட்டியின் உட்புறம் முழுக்கக் கன்றிப்போன கறுப்பு. தாண்டும்போது கடைசியில் வருகிற கால் அது, மரச்சட்டத்தில் இடிப்பது அதுதான்.

"தடையைப் பார்த்தா பயமா இல்லையா?" என்றேன்.

"தடையை யாரு மாமா பாக்குறா? மூணாவது ஸ்டெப் எங்க விழுதுன்னுதான் கவலை."

தடையை இடித்தால் தப்பில்லை, வேண்டுமென்று தள்ளாதவரை. பல பேர் தடைகள் விழுந்தாலே ஓட்டக்காரர் அவுட் என்று நினைக்கிறார்கள், அப்படி ஒன்றும் கிடையாது. தடையின் கால்கள் ஓட்டக்காரர் வரும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இடித்தால் முன்பக்கமாகச் சாயும். சாய்வதற்கு மேல்சட்டத்தில் 3.6 முதல் 4 கிலோ வரை விசை வேண்டும் என்று விதி இருக்கிறது, கீழே எடைக்கட்டிகளை நகர்த்தி அதைச் சரிசெய்கிறார்கள். ஆகவே விழுவது அபாயமில்லை. இடிப்பதால் அடுத்த மூன்றடி குலைவதுதான் அபாயம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் லோலோ ஜோன்ஸ் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது தடையில் கால் இடித்தது. கீழே விழவில்லை, தடுமாறினார், அவ்வளவுதான். தங்கம் டான் ஹார்ப்பருக்குப் போனது, ஜோன்ஸுக்குப் பதக்கமே இல்லை. அதே ஓட்டத்தில் வெள்ளி வாங்கியவர் இந்த சாலி பியர்சன். அவரும் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் இறுதிச் சுற்றில், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் தடை தட்டி விழுந்தவர்தான்.

தில்லிக்கு வருவோம். பியர்சன் 2010இல் தடை ஓட்டத்துக்கு மட்டும் வரவில்லை, சாதாரண 100 மீட்டரிலும் ஓடினார். அந்த இறுதிச் சுற்றில் துப்பாக்கிக்கு முன்பே இங்கிலாந்தின் லாரா டர்னர் நகர்ந்துவிட்டார். அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள், அவர் ஆட்சேபணை சொல்லிவிட்டு ஓடினார். பியர்சனும் முந்திக்கொண்டுதான் கிளம்பியிருந்தார், ஆனால் அவரைத் தடுக்கவில்லை. ஓடினார், முதலாவதாக வந்தார், கொடியைப் போர்த்திக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு இங்கிலாந்து அணி புகார் கொடுத்தது. சில மணி நேரத்தில் பியர்சன் தகுதியிழந்தார். தங்கம் நைஜீரியாவின் ஒசயேமி ஒலுடமோலாவுக்குப் போனது. அதோடு விட்டதா? அவர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது கையாக செயின்ட் வின்சென்டின் நடாஷா மேயர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு கூத்துக்குச் சில நாள் கழித்து அதே ஓடுதளத்தில் அதே பியர்சன் வந்து நின்று 12.67 ஓடியிருக்கிறார் என்றால், அந்தப் பெண்ணின் முதல் எட்டடியைப் பற்றி யோசித்துப் பாருங்கள். முந்தினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நெஞ்சுக்குள் பயம், பிந்தினால் முதல் தடையே கைவிட்டுப் போகும்.

அந்த வருடம் ஜனவரி 1ஆம் தேதிதான் புது விதி அமலுக்கு வந்திருந்தது: ஒருமுறை துப்பாக்கிக்கு முந்தினாலே வெளியேற்றம். 2003க்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு மன்னிப்பு இருந்தது. 2003 முதல் 2009 வரை மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு, இரண்டாவதாக யார் முந்தினாலும் அவர் அவுட். துப்பாக்கி வெடித்து 0.1 விநாடிக்குள் கால் அழுத்தம் மாறினால் முந்தியதாகக் கணக்கு, மனித உடம்பால் அதைவிடச் சீக்கிரம் எதிர்வினை காட்ட முடியாது என்ற அனுமானத்தில். புது விதி ஈவிரக்கமற்றது என்று நிறையப் பேர் திட்டினார்கள், இன்னும் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற ஓட்டங்களுக்கு எப்படியோ, தடை ஓட்டத்துக்கு இது தேவையான விதி. மறுபடி கிளம்ப வைப்பதால் அதிகம் அடிபடுவது தடை ஓட்டக்காரர்தான். முழு மூச்சாக எட்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அதே எட்டடியை அதே இடங்களில் மறுபடி வைக்க வேண்டும். ஒரு கையளவு தப்பினாலும் முதல் தடை கிட்டவோ எட்டவோ போய்விடும், அதிலிருந்து மிச்ச ஒன்பதும் கணக்குத் தப்பும். துணிந்து முந்திப் பார்க்கும் ஒருவரால் மற்ற ஏழு பேர் இதை ஏன் அனுபவிக்க வேண்டும்?

2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியாவின் ஜோதி யாராஜிக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பக்கத்தில் இருந்த சீன வீராங்கனை வூ யான்னி முன்னதாகக் கிளம்பினார், அந்த அசைவில் ஜோதியும் எழுந்துவிட்டார். இரண்டு பேரையும் வெளியே அனுப்பப் பார்த்தார்கள். ஜோதி அங்கேயே நின்று வாதாடினார். கடைசியில் இருவரையும் ஓடவிட்டார்கள், முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஓடி முடித்தபின் வூ தகுதியிழந்தார், 12.91 விநாடியில் வந்த ஜோதிக்கு வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. அந்த வாதாட்டத்துக்கு நடுவில் அவர் எப்படித்தான் எட்டடியை நினைவில் வைத்திருந்தாரோ!

ஜோதிக்கும் தில்லிக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. அவர் முறியடித்த தேசிய சாதனை தில்லி நேரு ஸ்டேடியத்தில் பிறந்தது. ஒடிசாவின் அனுராதா பிஸ்வால் 2002 ஆகஸ்டில் அங்கே 13.38 ஓடினார். அது இருபது வருடம் அசையவில்லை. 2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஜோதி 13.09 ஓடியபோதே போயிருக்க வேண்டியது. முதுகுக் காற்று விநாடிக்கு 2.1 மீட்டர் வீசியது, அனுமதி 2.0தான், சாதனை செல்லவில்லை. அடுத்த மாதம் சைப்ரஸில் 13.23 ஓடித்தான் அதை எடுத்தார். அந்த அக்டோபரில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் 12.82. முதுகுக் காற்று தடை ஓட்டத்தில் முழு வரமும் இல்லை. அடி தானாக நீளும், தடை நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்து முட்டும். 2022இல் யூஜீன் உலகப் போட்டியில் நைஜீரியாவின் டோபி அமுசான் அரையிறுதியில் 12.12 என்று உலக சாதனை வைத்தார். இறுதிச் சுற்றில் 12.06 ஓடினார், காற்று 2.5 என்பதால் அது பதக்கத்துக்கு ஆனது, சாதனைக்கு ஆகவில்லை.

இனி 400 மீட்டர். இது வேறு ஜாதி ஓட்டம். தடை உயரம் 76.2 சென்டிமீட்டர்தான், ஆனால் முதல் தடைக்கு 45 மீட்டர், நடுவில் 35 மீட்டர், கடைசியில் 40 மீட்டர். தடைகளுக்கு நடுவில் இத்தனை அடிதான் என்று எதுவும் கட்டாயப்படுத்தாது. அங்கேதான் சிக்கலே. பெண்களில் 15 அடி வைப்பவர் உண்டு, 16 உண்டு, 17 உண்டு. ஒற்றைப்படை என்றால் ஒவ்வொரு தடையிலும் அதே கால் முன்னால் போகும். இரட்டைப்படை என்றால் கால் மாறும், இரண்டு காலாலும் தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் வளைவில் இடது காலை முன்னால் விடுவது லாபம், தடத்தின் உள்கோட்டை ஒட்டி ஓடலாம். 15 என்று தொடங்கியவர் களைப்பில் ஏழாவது, எட்டாவது தடைக்கு 16க்கு இறங்க வேண்டி வரும். எந்தத் தடையில் இறங்குவது என்று முன்பே தீர்மானித்துப் பழகியிருப்பார்கள். அங்கே தடுமாறுகிறவர் தடைக்கு முன்னால் குட்டிக் குட்டியாக அடி வைத்து நிற்கப் பார்ப்பார். கேலரியில் இருந்து பார்த்தாலே தெரியும்.

1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி, அதாவது ஆசியாட், என்றால் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்பு யானையும் கலர் டிவியும். அந்தப் போட்டியில், அதே நேரு ஸ்டேடியத்தில், இந்த ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் எம்.டி. வல்சம்மா, 58.47 விநாடி. கண்ணூர் பக்கத்துப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர். அன்றைக்கு அதே மைதானத்தில் 100, 200 மீட்டரில் வெள்ளியோடு திரும்பிய இளம்பெண் உஷா. இரண்டே வருடத்தில் உஷா இந்த ஓட்டத்துக்கு மாறி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 55.42 ஓடினார். வல்சம்மாவைவிட மூன்று விநாடி குறைவு. வல்சம்மாவும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார், இறுதிச் சுற்றுக்கு வந்த 4×400 தொடர் ஓட்ட அணியில் இருந்தார். அது ஏனோ யாரும் சொல்வதில்லை.

உஷாவின் நாலாவது இடம் நமக்கு மனப்பாடம். வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி, அந்த வேகத்தில் ஏழு சென்டிமீட்டர். கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளவில்லை என்று நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்ததெல்லாம் கஞ்சியும் கடுமாங்கா ஊறுகாயும், அதனால் கடைசி 35 மீட்டரில் தெம்பில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அதுவும் தலைப்புச் செய்தியானது. அவர் சொன்ன இன்னொன்றை நாம் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை: அந்த இறுதிச் சுற்றில் வேறொருவர் முந்திக் கிளம்பியதால் ஓட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள், தாளம் அங்கேயே போய்விட்டது. தடை ஓட்டம் தெரிந்தவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இன்றைய விதி அன்று இருந்திருந்தாலும் மறுபடிதான் தொடங்கியிருப்பார்கள், ஆனால் முந்திப் பார்க்கும் தைரியம் யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் வந்திருக்காது. ஏழு சென்டிமீட்டர் கோட்டில் போகவில்லை, முதல் 45 மீட்டரிலேயே போய்விட்டது என்பது என் எண்ணம். 1989இல் உஷா ஆசியத் தடகளப் போட்டிக்குத் தில்லி வந்தார். 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4×400 தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கம் அள்ளினார்.

55.42ஐத் தொட 39 வருடம் ஆனது. தொட்டவர் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ். 2023 செப்டம்பரில் சண்டிகரில் 55.43 ஓடினார், மறுபடி அந்த நூறில் ஒரு பங்கு. அக்டோபர் 2ஆம் தேதி ஹாங்ஜோவில் தகுதிச் சுற்றில் சரியாக 55.42. மறுநாள் இறுதிச் சுற்றில் 55.68 விநாடியில் வெண்கலம், தங்கம் பஹ்ரைனின் கெமி அடெகோயாவுக்கு. வித்யாவின் இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். ஆட்டோ ஓட்டிய அப்பா, இரட்டைப் பெண்கள், உஷாவின் சாதனை என்று நம் பத்திரிகைகளுக்குக் கதை கிடைத்தது. கொண்டாட வேண்டியதுதான், சந்தேகமில்லை.

ஆனால் அதே 39 வருடத்தில் வெளியே என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். பெண்களின் 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். முழு அளவிலான உலக சாம்பியன்ஷிப்பில் அதற்கு முந்தைய வருடம். ஓட்டம் புதிது, போட்டி குறைவு, ஒரு நல்ல 400 மீட்டர் ஓட்டக்காரி வந்து அடிக்கணக்கைக் கற்றுக்கொண்டால் மேலே வர இடம் இருந்தது. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் தங்கம் வாங்கியது 54.61 விநாடியில். உஷா அவருக்கு 0.81 விநாடி பின்னால், ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது இதற்கென்றே வளர்க்கப்பட்ட ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். தடைக்கு நடுவில் 14 அடியில் தொடங்கி, இரண்டு காலாலும் ஒரே சுளுவில் தாண்டிப் போகிறார்கள். 2024 பாரிஸில் அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின்-லெவ்ரோன் 50.37 ஓடினார். அந்த ஓட்டத்தில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் 55.42 வேகத்தில் வந்திருந்தால், சிட்னி கோட்டைத் தொடும் நேரத்தில் அவர் பத்தாவது தடையைத் தாண்டி நாலைந்து மீட்டர்தான் வந்திருப்பார். முன்னால் இன்னும் 35 மீட்டர் இருக்கும்.